கண்ணாடிக்கு முன்னால் ஒரு தொழில்
அழகுக்கலை பயிலத் தொடங்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றோருக்கும்

"என்னகா புள்ள, மூஞ்சியில பூசுறதும் ஒரு தொழிலா? படிச்சு முடிச்சு மறுகா என்ன செய்யப் போறாய்?"

அழகுக்கலை பழகப் போகிறேன் என்று ஒரு பெண்பிள்ளை வாய் திறந்தால், வாவிக்கு இக்கரையிலும் அக்கரையிலும் பல வீடுகளில் முதலில் வரும் கேள்வி இதுதான். தையல் என்றால் யாரும் மறுப்புச் சொல்வதில்லை. கணினி என்றால் பெருமை. சீப்பும் கத்தரிக்கோலும் என்றால் மட்டும் ஒரு முகச்சுளிப்பு. அதே வீட்டில் சாமத்தியச் சடங்கு வந்தாலும் கலியாணம் வந்தாலும் அலங்காரம் செய்ய ஆளைத் தேடி முன்பணம் கொடுத்து நாள் குறிக்கிறோம். வேலை வேண்டும், வேலை செய்பவருக்கு மதிப்பு வேண்டாம் என்றால் அது நியாயமா?

இந்த முகச்சுளிப்புக்கு ஒரு பழைய வேர் உண்டு. முடி வெட்டுவதும் சவரம் செய்வதும் எமது கிராமங்களில் ஒரு குறிப்பிட்ட குடும்பத்தார்மீது பரம்பரைக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தன. நல்ல காரியத்துக்கும் கெட்ட காரியத்துக்கும் அவர்கள் வரவேண்டும். ஆனால் முற்றத்தைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. அந்த வழக்கம் தேய்ந்து போனாலும் அதன் நிழல் இன்னும் மனங்களில் கிடக்கிறது. கண்ணாடிக் கதவு போட்ட அழகு நிலையத்தில் முடி வெட்டுபவரை "மிஸ்" என்கிறோம். சந்தி மூலையில் வெட்டும் முதியவரைப் பெயர் சொல்லியும் அழைப்பதில்லை. இரண்டும் ஒரே தொழில் என்பதை முதலில் மனதில் இருத்திக்கொள்வோம். இத்தொழிலைப் பழக வரும் பிள்ளை யாரையும் தாழ்வாக நினையாமல் வரவேண்டும், தன்னையும் தாழ்வாக நினைக்கக்கூடாது.

எங்கே பழகலாம்?

மட்டக்களப்புக்குத் தொழிற்பயிற்சி புதிதல்ல. யேசு சபைத் துறவியரின் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகம் இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்த இடம். அதை நடத்திய அருட்தந்தை யூஜின் ஹேபர்ட் 1990 ஓகஸ்ட் 15 ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற்போனார் என்பதை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அக்காலத்தில் தொழிற்பயிற்சி என்றால் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கான மரவேலை, உலோகவேலை, இயந்திரவேலைதான். பெண்பிள்ளைக்குத் தையல் இயந்திரம் ஒன்றே வழியாகத் தெரிந்தது.

இன்று நிலைமை வேறு. 1995 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற அரச நிறுவனங்கள் அழகுக்கலையையும் சிகையலங்காரத்தையும் தொழிற்பாடமாக ஏற்றுள்ளன. 2000 களின் நடுப்பகுதியில் நடைமுறைக்கு வந்த தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வீ.கியூ, ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ் மட்டங்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்குச் சமம். நான்காம் மட்டத்தை எட்டியவர் மேற்பார்வையாளர் இன்றித் தானே பொறுப்பேற்று வேலை செய்யக்கூடியவர் என்று கொள்ளப்படுகிறார்.

இதில் நாம் பெற்றோருக்குச் சொல்ல விரும்புவது ஒன்று. ஊரில் பல தனியார் வகுப்புகள் நடைபெறுகின்றன. நல்லாசிரியர்கள் அவற்றில் உண்டு. ஆனால் சில நாளில் முடியும் வகுப்பின் இறுதியில் கொடுக்கப்படும் வண்ணச் சான்றிதழ் எல்லாமே தொழிற் சான்றிதழ் ஆகிவிடாது. பணம் கட்டுமுன் கேளுங்கள்: இந்தப் பாடநெறி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா? எந்த மட்டத் தகைமை கிடைக்கும்? செய்முறைக்கு எத்தனை மணித்தியாலம்? ஏற்கெனவே ஒரு நிலையத்தில் பல வருடம் வேலை செய்தவர்களுக்கும் வழி உண்டு. முன்பு பெற்ற திறனைப் பரீட்சித்து அங்கீகரிக்கும் முறையின் கீழ் அவர்களும் தகைமை பெறலாம்.

படுவான்கரைப் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு வசதி கூடியுள்ளது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து வாவியைக் கடக்கப் பாதைப்படகைக் காத்திருக்க வேண்டும். காற்று மழை என்றால் அன்றைய வகுப்புப் போயிற்று. இன்று பஸ்ஸில் போய்ப் பொழுது சாயுமுன் வீடு திரும்பலாம்.

முதல் பாடம்: கை கழுவுதல்

புதிதாக வரும் பிள்ளை மணப்பெண் அலங்காரத்தை முதல் நாளே பழக ஆசைப்படுவாள். நல்ல ஆசிரியர் அவளுக்கு முதலில் துடைப்பத்தையும் சவர்க்காரத்தையும்தான் கொடுப்பார். அதில் மனம் சலிக்க வேண்டாம். அதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு சீப்பு பல தலைகளைத் தொடுகிறது. பேனும் படர்தாமரையும் அதன் வழியே பரவும். ஒரு சவர அலகில் கண்ணுக்குத் தெரியாத துளி இரத்தம் ஒட்டியிருந்தால் ஈரலைத் தாக்கும் ஹெப்பரைட்டிஸ் பி, சி கிருமிகள் அடுத்தவருக்குப் போகலாம். எனவே இவற்றை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொருவரைத் தொடுமுன்னும் சவர்க்காரமிட்டு 20 செக்கனாவது கை கழுவுதல். அலகு ஒருவருக்கு ஒன்று, பாவித்ததும் மூடியுள்ள தகரப் பேணிக்குள். துவாய் ஒருவருக்கு ஒன்று. சீப்பு, கிளிப் ஆகியவற்றை முதலில் சவர்க்காரத் தண்ணீரில் முடியும் எண்ணெயும் போகக் கழுவி, பிறகு கிருமிநீக்கியில் ஊறவிடல். அழுக்கோடு ஊறவிட்டால் மருந்து வேலை செய்யாது. 5 வீதச் செறிவுள்ள வெளிற்றும் திரவம் ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர் சேர்த்து 10 நிமிடம் ஊறவைப்பது மலிவான வழி. அதை அன்றன்றே கலக்க வேண்டும். கத்தரிக்கோல் போன்ற உலோகத்தை அது அரிக்கும் என்பதால் அவற்றை 70 வீத ஸ்பிரிட்டால் துடைப்பது நல்லது.

எமது கரையோரத்துக்கு இன்னொரு பாடமும் உண்டு. உப்புக்காற்று இரும்பை விடாது. வேலை முடிந்ததும் கத்தரிக்கோலைத் துடைத்து, ஆணி இருக்கும் இடத்தில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விட்டு, துணியில் சுற்றி வைக்காவிட்டால் சில மாதத்தில் அது கடதாசியையும் வெட்டாது. வாவியை அண்டிய பல கிணறுகளின் தண்ணீரும் உவர். அதில் சவர்க்காரம் நுரைக்காது, முடியில் வெண்படலமாய் ஒட்டிக்கொள்ளும். தலை கழுவ மழைநீரையோ குழாய்நீரையோ சேர்த்து வைப்பவரே கெட்டிக்காரி.

தோலையும் முடியையும் அறிதல்

மருத்துவர் உடலைப் படிப்பதுபோல் நாம் தோலையும் முடியையும் படிக்கவேண்டும். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சிறிது அமிலத்தன்மை உள்ளது. உடுப்புச் சவர்க்காரமோ கடுங்காரமுள்ளது. அதனால்தான் அதைக் கொண்டு முகம் கழுவினால் தோல் வறண்டு இழுக்கிறது. முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்ரிமீற்றர் வளரும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. இந்த இரண்டு எண்களும் தெரிந்தால், "ஒரே கிழமையில் முழங்கால்வரை வளரும்" என்று விற்கப்படும் எண்ணெய்ப் போத்தலை நாமும் வாங்கமாட்டோம், பிறருக்கும் விற்கமாட்டோம்.

எமது தோலின் நிறத்துக்குக் காரணம் மெலனின் என்னும் நிறப்பொருள். அது கறை அல்ல, வெயிலிலிருந்து காக்கும் குடை. வயலிலும் வாவியிலும் வேலை செய்யும் மக்களுக்கு இயற்கை கொடுத்த பாதுகாப்பு.

கை பழகும் விதம்

முடி வெட்டப் பழகுமுன் சிக்கெடுக்கப் பழகுங்கள். நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல வேர்ப்பக்கம் போகவேண்டும். வேரிலிருந்து இழுத்தால் சிக்கு இறுகும், முடியும் அறும். பின்னல், கொண்டை பழகத் தலை கிடைக்காவிட்டால் தென்னந்தும்பைச் சீவிக் கட்டி ஆணியில் மாட்டிப் பழகலாம். கத்தரிக்கோல் பிடிக்கும்போது பெருவிரல் மட்டும் அசைய வேண்டும், மற்ற விரல்கள் அசையக்கூடாது. முதல் இரண்டு கிழமையும் பழைய பத்திரிகைத் தாளில் நேர்கோடு வெட்டிப் பழகினால் கை நிதானப்படும். தலையை நெற்றியிலிருந்து பிடரிவரையும், காதிலிருந்து காதுவரையும் வகிடெடுத்து நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்காக வெட்டவேண்டும். ஈரமுடி நீண்டு தெரியும், காய்ந்தால் சுருங்கும். ஆகவே கேட்ட நீளத்துக்குச் சற்றுக் கீழாகவே வெட்டுங்கள். குறைத்து வெட்டினால் திருத்தலாம். கூட்டி வெட்டிவிட்டால் மாதக்கணக்கில் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

புருவம் திருத்துவதற்கு ஒரு பருத்தி நூலே போதும். நூலை முடிந்து வளையமாக்கி, நடுவில் ஏழெட்டு முறுக்குப் போட்டு, இரு கை விரல்களையும் மாறிமாறி விரித்தால் முறுக்கு அங்குமிங்கும் ஓடும். அது ஓடும் இடத்தில் முடி அகப்பட்டுப் பிடுங்கும். முடி வளரும் திசைக்கு எதிராக ஓடவேண்டும். தோலை வாடிக்கையாளரே இரு கையாலும் இழுத்துப் பிடிக்கவேண்டும், தளர்ந்தால் தோல் அறுபடும். நூலின் ஒரு முனையைப் பல்லால் கடிக்கும் பழைய முறையை விட்டுவிடுங்கள். எமது எச்சில் பிறர் முகத்தில் படக்கூடாது. ஒருவருக்குப் பாவித்த நூல் குப்பைக்கே. பிறர் முகத்தைத் தொடுமுன் சொந்தக் கெண்டைக்கால் முடியில் பழகினால் அது எவ்வளவு நோகும் என்பதும் தெரியும். நோவை அறிந்த கைதான் மெதுவாக வேலை செய்யும்.

புருவம் எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும்? மூக்குச் சிறகின் ஓரத்திலிருந்து உட்கண் மூலைக்கு ஒரு பென்சிலை நேராக வைத்தால் தொடக்கம் தெரியும். அதே இடத்திலிருந்து வெளிக்கண் மூலைக்குச் சரித்தால் முடிவு தெரியும். கிராமத்துப் பிள்ளைக்கு இந்த அளவு ஒன்றே ஒரு சம்பாத்தியம்.

பாதப் பராமரிப்பை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் வேளாண்மைக் காலத்தில் எமது பெண்களின் பாதங்களைப் பாருங்கள். பித்தவெடிப்பும் விரலிடைச் சேற்றுப்புண்ணும் எத்தனை பேருக்கு! வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு, தேய்த்து, நன்றாக ஈரம் துடைத்து எண்ணெய் பூசிவிட்டாலே அவர்களுக்கு நிம்மதி. நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். நீரிழிவு உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். நீரிழிவுக்காரரின் பாதம் சூடு, வலியை உணராமல் இருக்கலாம். சிறு கீறலும் ஆறாப் புண்ணாகலாம். காயம் கண்டால் தொடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் எமது தொழிலின் ஒரு பகுதியே.

"கொஞ்சம் வெள்ளையாக்கி விடு மகள்"

இத்தொழிலில் ஒரு பிள்ளையின் நேர்மை சோதிக்கப்படும் இடம் இது. கலியாணத்துக்கு இரண்டு மாதம் முன் ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு வருவார். "மாப்பிள்ளை வீட்டார் நிறம் பார்க்கிறாங்க, கொஞ்சம் வெள்ளையாக்கி விடு மகள்" என்பார். கடையில் பெயர் தெரியாத கிறீம் டப்பா மலிவாய்க் கிடக்கும். பூசினால் ஒரு மாதத்தில் முகம் வெளிறும். தாயும் மகிழ்வார், காசும் வரும். பிறகு?

உடனடியாக வெளுக்கச் செய்யும் கிறீம்கள் பலவற்றில் பாதரசமோ கடும் ஸ்டீரொய்ட் மருந்தோ கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுக்கிறது. தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. பூசியவரின் துவாய், தலையணை வழியாக வீட்டுக் குழந்தைக்கும் போகலாம். ஸ்டீரொய்ட் தோலை மெலிதாக்கும். நிறுத்தியவுடன் முகம் சிவந்து, பரு வெடித்து, முன்பிருந்ததைவிடக் கறுக்கும். அந்தப் பயத்திலேயே பெண்கள் அதை விடமுடியாமல் தொடர்கிறார்கள்.

உலக நாடுகள் இதைச் சிறு விடயமாக எண்ணவில்லை. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2013 இல் ஏற்கப்பட்டு 2017 இல் நடைமுறைக்கு வந்தது. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசமுள்ள அழகுசாதனங்களை 2020 உடன் நிறுத்த அது நாடுகளைப் பணித்தது. 2023 இல் கூடிய நாடுகள் அந்த விலக்கையும் நீக்கி, பாதரசம் சேர்த்த எந்த அழகுசாதனத்தையும் 2025 இன் பின் உற்பத்தி செய்வதோ ஏற்றி இறக்குவதோ கூடாது என்று தீர்மானித்தன. ஆயினும் களவாக வருபவை வந்துகொண்டே இருக்கின்றன. உற்பத்தியாளர் முகவரியோ சேர்மானப் பட்டியலோ இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். "கலோமெல்", "மேர்க்கூரி" என்ற சொற்கள் இருந்தாலும், தங்கம் வெள்ளி நகையில் படக்கூடாது என்று எச்சரிக்கை இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

தலைச்சாயத்திலும் அவதானம் தேவை. கறுப்புச் சாயம் பலவற்றில் பி.பி.டி என்னும் இரசாயனம் உண்டு. சிலருக்கு அது முகம் வீங்கும் அளவுக்கு ஒவ்வாது. காதின் பின்புறம் சிறிது பூசி 48 மணித்தியாலம் பார்த்த பிறகே தலையில் பூசவேண்டும். "கறுப்பு மருதோண்டி" என்று சடங்கு வீடுகளில் கையில் இடப்படுவதிலும் இதே இரசாயனம் கலக்கப்படுவதுண்டு. பிள்ளைகளின் கையில் கொப்புளம் போட்டு வடு விழும். அசல் மருதோண்டி செம்மஞ்சளும் செம்பழுப்புமாகவே பிடிக்கும், கறுப்பாகப் பிடிக்காது. "இயற்கை" என்ற சொல்லையும் கண்மூடி நம்பவேண்டாம். தேசிக்காய்ச் சாறு பூசிய முகத்தோடு வெயிலில் போனால் தோல் எரிந்து கறுத்துவிடும்.

அந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்வது? "அம்மா, நிறத்தை மாற்ற என்னால் ஏலாது. மாற்றுகிறேன் என்று சொல்பவரிடம் போகாதீர்கள். பிள்ளையின் தோல் துப்புரவாக, பளபளப்பாக இருக்க என்னால் செய்ய ஏலும். அவளுடைய நிறத்துக்குப் பொருந்தும் பூச்சும் தெரியும்." இதைச் சொல்லும் தைரியம் வரவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் படிக்கிறோம். அடித்தளப் பூச்சை உள்ளங்கையில் அல்ல, தாடை ஓரத்தில் பூசிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கழுத்தோடு ஒன்றிப்போனால் அதுவே சரியான நிறம். கழுத்து கறுப்பாகவும் முகம் சாம்பல் வெள்ளையாகவும் தெரியும் மணப்பெண் படங்களை எத்தனை அல்பங்களில் பார்த்துவிட்டோம்!

வீட்டு முன்னறையே கடை

இந்தத் தொழில் எமது பெண்களுக்கு ஏன் பொருந்துகிறது? மட்டக்களப்பு வழக்கப்படி வீடு பெரும்பாலும் மகளுக்கே சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். சொந்த வீட்டின் முன்னறையில் கண்ணாடி ஒன்றும் கதிரை ஒன்றும் போட்டால் வாடகை இல்லை, பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் எம்மிடையே பலர். குழந்தைகளை அம்மம்மாவிடம் விட்டு வீட்டுப்பணிக்காக மத்திய கிழக்குக்குப் போனவர்களும் பலர். ஊரிலேயே உழைக்க ஒரு வழி இருந்தால் அந்தப் பிரிவை யோசித்துப் பார்க்க ஓர் அவகாசமாவது கிடைக்கும்.

ஆனால் மிகைப்படுத்தவும் கூடாது. வருமானம் ஒரே சீராக வராது. சைவர்களுக்கு ஆடியிலும் மார்கழியிலும், கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலத்திலும், முஸ்லிம்களுக்கு நோன்பு மாதத்திலும் கலியாணங்கள் இல்லை. மூன்று சமூகத்தவரையும் வாடிக்கையாளராகக் கொண்டவருக்கு வெறும் மாதங்கள் குறையும். காத்தான்குடி, ஏறாவூர்ப் பெண்கள் ஆண்கள் பார்வை படாத மறைவான அறையை விரும்புவார்கள். ஒரு திரைச்சீலையும் ஒரு தாழ்ப்பாளும் அதற்குப் போதும். அழகு ஒரு வாசல் வழியே எல்லோரையும் கூட்டிவருமானால் அது நல்லதுதானே?

கடன் வாங்கித் தொடங்க வேண்டாம் என்பதே எமது கருத்து. கிழமைக்குக் கிழமை வசூலிக்க வரும் நுண்கடனால் எமது கிராமங்களில் எத்தனை பெண்கள் நித்திரையின்றித் தவித்தார்கள் என்பது தெரியும். நல்ல கத்தரிக்கோல் ஒன்று, சீப்பு நாலு, நூல்கட்டை, துவாய் ஆறு, சவர்க்காரம், ஸ்பிரிட், கண்ணாடி ஒன்று. தொடங்க இவை போதும். சுழல் கதிரையும் நீராவி இயந்திரமும் உழைத்த காசில் வரட்டும். 2020 இல் ஊரடங்கால் நிலையங்கள் பூட்டப்பட்டபோதும், 2022 நெருக்கடியில் இறக்குமதிச் சாமான்களின் விலை எகிறியபோதும் கடனில் தொடங்கியவர்களுக்கே அடி பலமாக விழுந்தது.

ஒரு கொப்பி போடுங்கள். உதாரணமாக 100 ரூபா வந்தால் அதில் சாமானுக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கும் மின்சாரத்துக்கும் எவ்வளவு, தன் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். தன் கூலியைக் கணக்கில் சேர்க்காத பெண் தான் இலாபம் உழைப்பதாக நினைத்துக்கொண்டு இலவசமாக வேலை செய்கிறாள். "எங்கட ஆக்கள்தானே" என்று சும்மா செய்யச் சொல்வோர் வருவார்கள். தச்சரிடம் கதிரையைச் சும்மா கேட்கிறோமா?

உலகில் ஒரு முன்னுதாரணம்

அமெரிக்காவில் 1867 இல் பிறந்த ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருடைய பெற்றோர் அடிமைகளாய் இருந்தவர்கள். ஏழு வயதில் அநாதையானார். உடுப்புத் தோய்த்துப் பிழைத்தார். தலைமுடி கொட்டத் தொடங்கியபோது அதற்கு வழி தேடி, முடிப் பராமரிப்பைத் தொழிலாக்கினார். மேடம் சீ. ஜே. வோக்கர் என்று பெயர்பெற்ற அவர் 1919 இல் இறக்குமுன் தொழிற்சாலை நிறுவி, ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களுக்கு இத்தொழிலைப் பழக்கி, சமையலறையிலும் சலவைத் தொட்டியிலும் கிடந்தவர்களைச் சொந்தக் காலில் நிற்கச் செய்தார். சீப்பு ஒரு சமூகத்தின் பெண்களை நிமிர்த்திய கதை அது.

எமது ஊர் மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இதில் செய்யக்கூடியவை உண்டு. பயிற்சி முடித்த பிள்ளைகளின் பெயரைச் சங்கப் பலகையில் எழுதலாம். நான்கைந்து பேர் சேர்ந்து சாமான்களை மொத்தமாக வாங்க உதவலாம். பாடசாலையில் பேன் தொல்லைப்படும் சிறுவர்களுக்கு மாதம் ஒருநாள் தலைவாரி விட ஒழுங்கு செய்யலாம். பேன் வந்த பிள்ளையை வெட்கப்படுத்தாமல், தலையை நனைத்துப் பேன்சீப்பால் பொறுமையாக வாரிவிடுவதே பயிலுநருக்கு மிகச் சிறந்த பரீட்சை.

பெற்றோரே, உங்கள் மகள் இத்தொழிலைக் கேட்டால் முகம் சுளிக்காமல் பாடநெறி விபரத்தைக் கேளுங்கள். பிள்ளைகளே, ஒருவர் கண்ணை மூடித் தன் முகத்தை உங்கள் கையில் தருகிறார். அந்த நம்பிக்கைக்குத் தகுந்த துப்புரவும் அறிவும் உங்களிடம் இருக்கட்டும். பெயரும் வருமானமும் பின்னால் வரும்.